சென்னையில் வளர்ந்த நான் நண்பர்களோடு உறைந்த ஏரியில் ஐஸ் ஸ்கேட்டிங் போகலாமா?

கேள்வியில் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். மேற்படிப்புக்காக அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள மினியாபொலிஸ் வந்திருக்கிறீர்கள், உடன் படிப்பவர்கள் இந்தக் குளிர்காலத்தில் ஏரிக்குக் கூப்பிடுகிறார்கள், பயமாக இருக்கிறது. எழுதாத மீதியையும் என்னால் ஊகிக்க முடிகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நண்பர்களிடம் பயத்தை ஒப்புக்கொண்டும் இருக்க மாட்டீர்கள். ஒப்புக்கொண்டிருந்தால் முகம் தெரியாத எங்களிடம் வந்து கேட்க வேண்டியதில்லை.

போங்கள். கட்டாயம் போங்கள். ஆனால் அந்தப் பயத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், கூடவே எடுத்துப் போங்கள். ஏன் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர், "சென்னைக்காரர்களுக்கு எதற்கு இந்த விளையாட்டெல்லாம், நமக்கும் ஏரிப் பனிக்கட்டிக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டிருக்கிறார். சம்பந்தம் இருக்கிறது ஐயா. மெரினாவில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842இல் கட்டப்பட்ட ஐஸ் கிடங்கு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் ரம்பத்தால் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் ஏறக்குறைய 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. சென்னைக்கு வந்ததை இறக்கி வைத்த இடம்தான் இது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்குவதற்கு முன்பே வியாபாரம் முடிந்து கட்டடம் கைமாறிவிட்டது. ஆனாலும் திருவல்லிக்கேணியில் அந்தப் பகுதியை இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறோம். ஆக, உறைந்த ஏரி நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை.

என் கதைக்கு வருகிறேன். நானும் உங்களைப் போல மினியாபொலிஸில் படித்தவள்தான். ஆதம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். முதல் குளிர்காலத்தில், ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, அறைத்தோழி என்னை லேக் ஆஃப் தி ஐல்ஸ் ஏரிக்கு அழைத்துப் போனாள். நகரத்துக்கு உள்ளேயே இருக்கும் ஏரி அது. குளிர்காலத்தில் நகரப் பூங்கா நிர்வாகமே அங்கே சறுக்குதளம் அமைத்துப் பராமரிக்கிறது. பக்கத்தில் கதகதப்பான ஓர் அறையும் உண்டு. உட்கார்ந்து ஸ்கேட்ஸ் மாட்டிக்கொள்ளலாம், விரல் மரத்துப்போனால் வந்து காய்ந்துகொள்ளலாம். உங்கள் முதல் நாள் இப்படிப்பட்ட இடத்தில்தான் அமைய வேண்டும். வேறெங்கும் வேண்டாம்.

அன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. கையுறையோடு ஸ்கேட்ஸ் கயிறு கட்ட வராது. கழற்றினால் ஒரு நிமிடத்தில் விரல் நுனி மரக்கட்டையாகிவிடும். கணுக்கால் பகுதியில் இறுக்கமாகக் கட்ட வேண்டும், அங்கே தளர்ந்தால் பாதம் உள்ளே ஆடிக் கால் பிசகும். என் கயிறு தளர்ந்திருப்பதைக் கவனித்த ஒரு முதியவர் தாமாகவே மண்டியிட்டு இழுத்துக் கட்டிவிட்டார். என் தாத்தா வயது இருக்கும் அவருக்கு. கால் நீட்டி உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "முழங்காலை மடக்கிக்கொள். காலைப் பார்க்காதே, எதிர்க்கரையைப் பார்" என்றார். அந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விழுவது உறுதி. விழும்போது பின்னால் சாயாமல் பக்கவாட்டில் விழப் பாருங்கள். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எத்தனை முறை விழுந்தேன் என்று கணக்கில்லை. ஆனால் மாலை நான்கு மணி வாக்கில், யாரையும் பிடிக்காமல் ஒரு பத்தடி தூரம் வழுக்கிப் போனேன். கால் நகரவில்லை, ஆனால் நான் நகர்கிறேன். காதில் காற்று, காலடியில் சர்ரென்று பிளேடு கீறும் சத்தம். அன்று வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அதனால்தான் போகாதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் என்னை எழுத உட்கார வைத்தது.

இரண்டாவது குளிர்காலம், டிசம்பர் நடுவில் ஒரு நாள். நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன ஏரிக்கு ஆறு பேர் போனோம். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, மதுரைக்காரர் ஒருவர் (எங்களுக்குச் சீனியர், அண்ணா என்றுதான் அழைப்போம்), என்னை அக்கா என்று கூப்பிடும் கோயம்புத்தூர்ப் பையன், இன்னும் இருவர், நான். இன்னும் பனி கொட்டவில்லை. ஏரி கண்ணாடியாக இறுகியிருந்தது. குனிந்து பார்த்தால் அடியில் இலையும் பாசியும் தெரிந்தன. உறைபனிக்குள் வெள்ளைக் காசுகளை அடுக்கியது போலக் காற்றுக் குமிழிகள். அந்தப் பெண் கைத்துளைப்பானைக் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் வைத்துச் சுற்றினாள். பிளேட்டைச் சுற்றித் தேங்காய்த் துருவல் போல வெள்ளையாக ஐஸ் குவிந்தது. கடைசிச் சுற்றில் துளை வழியாகக் குபுக்கென்று தண்ணீர் மேலே வந்தது. கொக்கியுள்ள அளவுகோலை இறக்கிப் பார்த்தாள். ஐந்து அங்குலம். மின்னசோட்டாவின் இயற்கை வளத்துறை, தெளிவான புது ஐஸ் நான்கு அங்குலமாவது இருந்தால்தான் அதன்மேல் நடக்கலாம் என்கிறது. பனி கலந்து வெள்ளையாக உறைந்தது என்றால் இரண்டு மடங்கு கனம் வேண்டும், ஏனென்றால் அதற்குப் பாதி பலம்தான். எங்களுக்கு ஐந்து அங்குலம் போதும் என்று தோன்றிவிட்டது.

எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. காரணம் சொல்கிறேன். என் தாத்தாவுக்கு மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். ஏரியோடு வாழ்ந்தவர். சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் எங்களை ஏரியில் இறங்க விடுவார், ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார். "தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது, எங்கே வெளியே போகிறது, காட்டு பார்க்கலாம்." தண்ணீர் வரும் வரத்துக் கால்வாய், பாசனத்துக்குத் திறந்துவிடும் மதகு, மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் மூன்றையும் விரலால் காட்டிய பிறகுதான் தண்ணீரில் கால் வைக்கலாம். அந்தப் பழக்கத்தில் இந்த ஏரியையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். எதிர்மூலையில் சாலைக்கு அடியிலிருந்து ஒரு குழாய்ப் பாலம் வழியாக ஓடை ஏரியில் சேர்ந்தது. ஓடும் தண்ணீர் லேசில் உறையாது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "அந்தப் பக்கம் போக வேண்டாம், அங்கேயும் ஒரு துளை போட்டுப் பார்த்துவிடலாம்" என்றேன்.

அண்ணா சிரித்தார். "ஊட்டிக்குப் போனாலே மூன்று ஸ்வெட்டர் போடுகிற ஊர்க்காரர்கள் நீங்கள். பயமாக இருந்தால் கரையில் உட்கார்ந்து ஃபிளாஸ்கைப் பார்த்துக்கொள்ளம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கெட்ட மனிதரல்ல, அன்று மாலை அவர் அழுததையும் நான்தான் பார்த்தேன். என் குறை என்மேல்தான். எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை இரண்டாம் முறை சொல்ல வெட்கப்பட்டேன்.

அரைமணி நேரம் நன்றாகத்தான் போனது. அவ்வப்போது ஏரி உறுமியது. மேம்பாலத் தூணில் காதை வைத்துக்கொண்டிருக்கும்போது மேலே லாரி போனால் கேட்குமே, அப்படி. இந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். வெப்பநிலை மாறும்போது ஐஸ் விரிந்தும் சுருங்கியும் எழுப்பும் ஓசை அது. கனமான ஐஸும் உறுமும். ஆபத்து வந்தபோது இப்படி எந்த ஓசையும் எங்களுக்குக் கேட்கவில்லை. கோயம்புத்தூர்ப் பையன் பந்தைத் துரத்திக்கொண்டு அந்த ஓடை மூலைக்குப் போனான். அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். நான் திரும்பிப் பார்த்தபோது தலையும் இரண்டு கைகளும்தான் தெரிந்தன.

"அக்கா" என்று ஒரு முறை கூப்பிட்டான். அதற்குமேல் மூச்சு வரவில்லை. அத்தனை குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவுடன் மூச்சு தாறுமாறாக இழுக்கும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். மூச்சை நிதானப்படுத்த ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்க ஏறத்தாழ பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம் வரை ஆகலாம். விழுந்த நொடியே உயிர் போய்விடாது, அவகாசம் இருக்கிறது. பதறி அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்கிவிடக் கூடாது. அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. அந்த ஊர்ப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அவனை நோக்கி ஓடப் பார்த்த அண்ணாவின் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "திரும்பு! வந்த பக்கமே திரும்பு!" என்று கத்தினாள். அவன் முன்பக்கம் ஏறப் பார்த்தான், அங்கே ஐஸ் உடைந்துகொண்டே போனது. வந்த பக்கத்து ஐஸ் அதுவரை அவனைத் தாங்கியது, அதுதான் மறுபடியும் தாங்கும். அவன் திரும்பினான். முழங்கையை மேலே வைத்து, நீந்துவது போலக் காலை உதைத்தான். அவள் குப்புறப் படுத்து ஊர்ந்து போய் ஹாக்கி மட்டையை நீட்டினாள். அவள் காலை நான் பிடித்துக்கொண்டேன், என் காலை அண்ணா. அவன் மார்பு மேலே வந்ததும் எழுந்து நிற்க விடாமல் உருண்டு வரச் சொன்னாள்.

கார் வரைக்கும் இருநூறு அடிதான் இருக்கும். அதற்குள் அவன் கால்சட்டை தகரம் போல விறைத்துவிட்டது, நடக்கையில் கடகடவென்று சத்தம். ஜிப் திறக்கவில்லை. ஸ்கேட்ஸ் கயிறு குச்சியாகிவிட்டது, கத்தியால் அறுத்துத்தான் கழற்றினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. மருத்துவமனையில் ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நலமாக இருக்கிறான். போன பொங்கலுக்குக்கூடப் பேசினான்.

"ஒரு விபத்தை வைத்துக்கொண்டு பயமுறுத்துகிறாள்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். பயமுறுத்தவில்லை. அதே பிப்ரவரியில் நாங்கள் ஆறு பேருமே திரும்பவும் ஸ்கேட்டிங் போனோம், அவனும் வந்தான். "நீ என்ன நிபுணரா" என்று கேட்பவர்களுக்கு, இல்லை. இரண்டு குளிர்காலம் சறுக்கியவள், ஒரு முறை தவறு செய்தவள், அவ்வளவுதான்.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மன்னியுங்கள். அந்த ஊரில் என்னை மிகவும் வருத்திய விஷயம் குளிர் அல்ல, நகர நடுவில் எல்லோரும் கால் வைக்கும்படி ஏரிகள் இருந்ததுதான். கோடையில் நீந்துகிறார்கள், குளிர்காலத்தில் சறுக்குகிறார்கள், குழந்தைக்கு எந்தப் பக்கம் ஆழம் என்று தெரிகிறது. நம் ஊரில் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது, ஏரி இல்லை. அங்கே லாங் டேங்க் என்று ஒரு நீண்ட ஏரி இருந்தது, 1920களில் அதைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். வள்ளுவர் கோட்டமும் ஏரிப் படுகையில்தான் நிற்கிறது. எங்கள் ஆதம்பாக்கம் ஏரியில் நான் கண்டது ஆகாயத்தாமரையும் சாக்கடை நாற்றமும்தான். மதகு என்றால் என்ன என்று என் அக்கா மகனிடம் கேட்டேன், தெரியவில்லை. மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது மட்டும் எல்லோருக்கும் ஏரி நினைவு வருகிறது. தாத்தா கேட்ட கேள்வியை யாரிடம் போய்க் கேட்பது?

சரி, உங்கள் விஷயம். துளை போட்டுப் பார்க்காதவர்களோடு போகாதீர்கள். ஒரு துளை போதாது, போகிற பக்கமெல்லாம் போட வேண்டும். பாலத்தடி, ஓடை சேருமிடம், நீரூற்று, வாத்துகள் கூடி நீந்தும் திறந்த தண்ணீர், இவற்றைச் சுற்றி எந்த மாதத்திலும் போக வேண்டாம். ஐஸ்மேல் பனி மூடியிருந்தால் அது கம்பளி போலக் குளிரை உள்ளே விடாது, அடியில் ஐஸ் மெல்லிசாகவே இருக்கலாம். மார்ச் மாத வெயிலில் கனம் குறையாமலே ஐஸ் உளுத்துப்போகும், அப்போது அளவுகோலை நம்ப முடியாது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கூர்முனைப் பிடிகள் ஒரு ஜோடி விளையாட்டுச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். விழுந்தால் வழுக்கும் ஐஸில் குத்தி ஏறுவதற்கு. நான் அவனுக்கு வாங்கிக் கொடுத்த ஜோடியை அவன் இன்னும் வைத்திருக்கிறானாம்.

யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். இரண்டாம் முறையும் சொல்லுங்கள். மூன்றாம் முறையும் சொல்லுங்கள்.

எந்த ஏரிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு இங்கே கீழே எழுதுங்கள். வரைபடத்தில் ஓடை எங்கே சேர்கிறது, தண்ணீர் எங்கே வெளியே போகிறது என்று பார்த்து இன்று இரவே சொல்கிறேன்.