கார்பெட்டுக்கு அடியில் துரு: பட்டறை கைவிரித்தால் என்ன செய்வது?

கேள்வி: என்னிடம் 15 ஆண்டுப் பழைய சுசுகி ஜிம்னி இருக்கிறது. சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிறேன். மாதம் ஒருமுறையாவது நண்பர்களோடு ஜோகூர் பக்கம் செம்மண் தடங்களுக்கும் ஆற்றோரங்களுக்கும் போவேன். 14 மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் 1,350 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து, வண்டியின் உட்தளத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடித்தேன். ஐந்தாண்டு உத்தரவாதம் என்று ரசீதில் எழுதிக் கொடுத்தார்கள். சென்ற வாரம் ஓட்டுநர் பக்கம் குதிகாலை ஊன்றியபோது தகடு அமுங்கியது. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் பூச்சு உப்பி நிற்கிறது. “காட்டு வழியில் ஓட்டினால் உத்தரவாதம் செல்லாது. ஆண்டுச் சோதனைக்கும் நீங்கள் வரவில்லை” என்கிறது பட்டறை. அழுகிய தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேறொரு பட்டறை 3,800 வெள்ளி கேட்கிறது. குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பரிகாரம் தரும் லெமன் சட்டத்தில் பணம் திரும்பக் கிடைக்குமா?
(வாசகர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: வணக்கம். சட்டத்துக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். அந்தப் பூச்சை இன்னும் சுரண்டாதீர்கள். கோபத்தில் பலரும் முதலில் செய்வது அதைத்தான். உங்கள் வழக்கின் உயிரே அந்தப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது.

முதலில் கார்பெட்டைத் தூக்கியபடியே நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், காணொளியும் எடுங்கள். அப்புறம் பட்டறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில் பூச்சைப் பிரித்துப் பார்க்கப் போகிறோம், விரும்பினால் உங்கள் ஆளும் வரலாம். வாட்ஸ்அப் போதும், மின்னஞ்சலும் அனுப்பினால் இன்னும் நல்லது. அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் அந்த அழைப்பு உங்களுக்குப் பலம். பிறகு, இரு தரப்பையும் சாராத ஒரு மெக்கானிக்கோ வாகனச் சோதனை நிலையமோ முன்னிலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை உரித்தெடுங்கள். உரித்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அதன் முதுகில் பழுப்பு நிறத்தில் துருச் செதில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு வந்து, அடியில் பிரைமரின் (மேல்பூச்சுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சின்) சுவடே இல்லை என்றால், தகட்டைச் சுத்தம் செய்யாமல் துருவின் மேலேயே அடித்திருக்கிறார்கள் என்று சொல்ல நல்ல ஆதாரம் கிடைத்துவிட்டது. அந்தத் துண்டை உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

இதை இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். இந்த வகை வண்டிகளில் கதவு ரப்பர் வழியாகவும், ஆற்றைக் கடக்கும்போதும், நனைந்த காலணியோடும் தண்ணீர் உள்ளே வருகிறது. கார்பெட்டின் அடியில் இருக்கும் பஞ்சு அதைக் குடித்துவிட்டு நாள்கணக்கில் விடாது. நம் ஊர்க் காற்றில் அது தானாகக் காய்வதும் அபூர்வம். அந்த நிலையில் தடித்த பூச்சை மேலே அடித்தால், காக்க வேண்டிய பூச்சே ஈரத்தைப் பூட்டி வைக்கும் மூடியாகிவிடும். முறையான வேலை என்றால் சீட்டையும் கார்பெட்டையும் கழற்றி, மண்ணும் உப்பும் போக நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்த்தி, துருவைத் தேய்த்தெடுத்து, எப்பாக்சி பிரைமர் அடித்து, தகடுகள் சேரும் விளிம்புகளை அடைத்த பிறகே மேல்பூச்சு. காலையில் வண்டியை வாங்கி மாலையில் திருப்பிக் கொடுத்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். கொடுத்த நேரமும் எடுத்த நேரமும் வாட்ஸ்அப்பில் இருந்தால் அதுவும் சாட்சிதான்.

சரி, இப்போது சட்டம். லெமன் சட்டம் இங்கே உங்களுக்குப் பெரிதாக உதவாது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள அந்த ஏற்பாட்டின் உண்மையான பலம், பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும் என்பதில் இருக்கிறது. அந்தக் காலத்துக்குள் குறை தெரிந்தால், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. உங்களுக்கு 14 மாதம் ஆகிவிட்டது. அதோடு உங்கள் மனக்குறை டின்னில் இருந்த பூச்சைப் பற்றியது அல்ல, அதை அடித்த விதத்தைப் பற்றியது.

ஆகவே நீங்கள் நிற்க வேண்டிய இடம் ஒப்பந்தம். காசு வாங்கி வேலை செய்பவர் அந்தத் தொழிலுக்குரிய நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். ரசீதில் எழுதாவிட்டாலும் அது ஒப்பந்தத்தின் பகுதிதான். அதற்கு மேல் ஐந்தாண்டு உத்தரவாதம் எழுத்திலேயே இருக்கிறது.

“காட்டு வழி” வாதத்தைக் கேட்டு நீங்கள் பயப்பட வேண்டாம். இந்த வண்டியை எதற்கு ஓட்டுகிறீர்கள் என்று வேலை கொடுக்கும்போது சொன்னீர்களா? சொன்னதற்கு ஒரு வரிச் செய்தி இருந்தாலும் போதும். தெரிந்தே அந்தத் தேவைக்கு விற்றுவிட்டு, அதே தேவையைக் காட்டிக் கழன்றுகொள்வதை ஏற்கச் செய்வது கடினம். அந்த நிபந்தனை பணம் கட்டுமுன் உங்களுக்குக் காட்டப்பட்டதா என்பதும் முக்கியம். வேலை முடிந்து கொடுத்த அட்டையின் பின்பக்கத்தில் முதன்முறையாக வந்திருந்தால் அது ஒப்பந்தத்தில் சேர்ந்ததே இல்லை என்று வாதிடலாம். சேர்ந்திருந்தாலும், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் விதி நியாயமானதா என்று பார்க்க நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் இடம் தருகிறது.

ஆண்டுச் சோதனைக்குப் போகாததுதான் உங்கள் பலவீனம். மறைக்காதீர்கள். தவறவிட்டால் உத்தரவாதம் ரத்து என்று நீங்கள் கையெழுத்திட்ட தாளிலேயே தெளிவாக இருந்தால், உத்தரவாதத்தை மட்டும் நம்பி வழக்காடுவது ஆபத்து. அதனால்தான் பூச்சின் அடியைப் பார்க்கச் சொன்னேன். தொடக்கத்திலேயே துருவின் மேல் அடித்திருந்தால், வேலையைச் செய்த நாளிலேயே ஒப்பந்தம் மீறப்பட்டுவிட்டது. நீங்கள் சோதனைக்குப் போனதும் போகாததும் அந்தத் தவற்றை மாற்றாது. ஆனால் கண்ணாடி ரப்பர் கிழிந்து மாதக்கணக்கில் தண்ணீர் ஒழுகியதை நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால், அந்தப் பங்கு உங்கள் தலையில் விழும். ஒழுகல் எங்கிருந்து என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள்.

எங்கே போவது? முதலில் இரண்டு வார அவகாசம் கொடுத்து ஒரு கோரிக்கைக் கடிதம். பயனீட்டாளர் சங்கமான கேஸ் வழியாகச் சமரசமும் முயலலாம். மசியவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. இணையத்திலேயே பதியலாம். வழக்கறிஞர் உங்களுக்காக ஆஜராக முடியாது, எதிர்த்தரப்புக்காகவும் முடியாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான்.

நடுவர் மன்றத்தில் பதியக் கெடு 2 ஆண்டு. அதைத் துருவைக் கண்ட நாளிலிருந்து எண்ணாதீர்கள். வேலை செய்த நாளிலிருந்து எண்ணுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் கையில் 10 மாதம்தான் இருக்கிறது. பட்டறை “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று இழுத்தால் அதற்குள் கரைந்துவிடும்.

எவ்வளவு கேட்பது? 3,800 வெள்ளியையும் 1,350 வெள்ளியையும் சேர்த்துக் கேட்கத் தோன்றும். அந்த 3,800இல் புதுப் பூச்சும் அடக்கம் என்றால், இரண்டையும் கேட்பது ஒரே இழப்புக்கு இருமுறை பணம் கேட்பதாகிவிடும். இன்னொரு பட்டறையிடமும் விலைப்பட்டியல் வாங்குங்கள். தகடு வேலை எவ்வளவு, பூச்சு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வேலைக்கு முன்பே எவ்வளவு அழுகியிருந்தது என்ற கேள்வி வரும், அந்த அளவுக்குத் தொகை குறையலாம்.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது வேறு. சீட்டும் சீட் பெல்ட்டும் அந்தத் தகட்டில்தானே பிடித்து நிற்கின்றன? அழுகல் போல்ட் பக்கம் போயிருந்தால் தீர்ப்புக்குக் காத்திருந்து ஓட்டாதீர்கள். படம், மெக்கானிக் அறிக்கை, உரித்த துண்டு மூன்றும் கைக்கு வந்ததும் தகட்டை மாற்றிவிடுங்கள். செலவை ரசீதோடு பிறகு கோரலாம். வெட்டியெடுத்த பழைய தகட்டை மட்டும் பட்டறையில் விட்டுவராதீர்கள். 10 ஆண்டு கடந்த வண்டி என்பதால் நிலப் போக்குவரத்து ஆணையச் சோதனை ஆண்டுதோறும் வரும், அதையும் மனத்தில் வையுங்கள்.

புது வேலையைக் கொடுக்கும்போது, கழுவியது, துரு எடுத்தது, பிரைமர் அடித்தது என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம் அனுப்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எந்தப் பயணத்துக்கு ஓட்டுகிறீர்கள் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.