பழைய லாப்டொப்பை வைத்துக்கொண்டு பெரலல், டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரோக்ராமிங் படிக்கலாமா?

கல்முனையைச் சேர்ந்த ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மட்டக்களப்பில் கெம்பஸில் மூன்றாம் வருடம் கணினி விஞ்ஞானம் படிக்கிறாராம். பெரலல், டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரோக்ராமிங் விருப்பப் பாடமாக இருக்கிறது. ஒரு வேலையைத் துண்டுகளாக்கி ஒரே நேரத்தில் செய்விப்பது பெரலல், வலையமைப்பில் இணைந்த பல கணினிகளில் செய்விப்பது டிஸ்ட்ரிபியூட்டட். கையில் இருப்பது நாலு கோர் (ப்ரோசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) உள்ள பழைய லாப்டொப். கிளஸ்டர் (ஒன்றாக இணைத்த பல கணினிகள்) எதுவும் இல்லாமல் இந்தப் பாடத்தை எடுத்துப் பிரயோசனம் இருக்கா என்பது கேள்வி.

எடுங்கள் தங்கச்சி. நாலு கோர் தாராளம். இந்தப் பாடத்தில் வேகத்தைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது: எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்கப் பழகுவது. அதை உங்கள் லாப்டொப்பிலேயே பழகலாம்.

இன்று இரவே சி மொழியில் இதைச் செய்து பாருங்கள். ஒரு பொது எண், இரண்டு த்ரெட் (ஒரே ப்ரோக்ராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). ஒவ்வொரு த்ரெட்டும் அந்த எண்ணில் 10 லட்சம் தடவை ஒன்றைக் கூட்ட வேண்டும். கம்பைலரின் ஒப்டிமைசேஷனை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் அது லூப்பையே சுருக்கிவிடும். 20 லட்சம் வரவேண்டிய இடத்தில் பெரும்பாலும் குறைவாக வரும், ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும். ஏனென்றால் "ஒன்றைக் கூட்டு" என்பது உள்ளே மூன்று வேலை: எண்ணை எடு, கூட்டு, திரும்ப வை. இரண்டு த்ரெட்டும் ஒரே எண்ணை எடுத்துக் கூட்டி வைத்தால் ஒரு கூட்டல் காணாமல் போய்விடும். இதுதான் ரேஸ் கண்டிஷன். எங்கே பிழை என்று பார்க்க நடுவில் ஒரு பிரிண்ட் போட்டால் நேரக்கணக்கு மாறி, பிழை ஒளிந்துகொள்ளவும் கூடும்.

சரி, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் எண்ணைத் தொடும்படி லொக் போடுங்கள். விடை சரியாக வரும். ஆனால் நேரத்தை அளந்து பாருங்கள், ஒரே த்ரெட்டில் ஓட்டியதைவிட அதிகம் எடுக்கும். அடுத்து, ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென்று ஒரு எண்ணை வைத்துக் கூட்டிக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை பொது எண்ணில் சேர்க்கட்டும். இப்போது விடையும் சரி, வேகமும் வரும். என்னைக் கேட்டால் பாடத்தின் பாதி இந்த மூன்று ஓட்டத்திலேயே இருக்கிறது. இன்னும் ஆசை இருந்தால் அந்தத் தனி எண்களை ஒரே அரேயில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறுபடியும் வேகம் குறையும். நம் லாப்டொப்களில் கேஷுக்கு (கோருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வேக நினைவகம்) தரவு பெரும்பாலும் 64 பைட் துண்டுகளாகத்தான் நகர்கிறது. ஒரே துண்டுக்கு இரண்டு கோர் மல்லுக்கட்டும்.

பரீட்சைக்கு ஆம்டாலின் விதி கட்டாயம் வரும். 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் சொன்னது: பிரிக்க முடியாத பகுதிதான் மொத்த வேகத்துக்கு எல்லை. வெள்ளாமை வெட்டுக்கு எத்தனை பேரைக் கூட்டினாலும், மூட்டை ஏற்ற ஒரே உழவு மெசின்தான் என்றால் வேலை அது முடிக்கும்போதுதான் முடியும். ப்ரோக்ராமில் 5 சதவீதம் பிரிக்க முடியாதது என்றால், ஆயிரம் கோர் கொடுத்தாலும் 20 மடங்கைத் தாண்டாது. 8 கோரில் சுமார் 5.9 மடங்குதான். கணக்கை ஒருமுறை கையால் போடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டட் பகுதிக்குத்தான் நம் ஊர் அனுபவம் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். ரீலோட் போடுகிறீர்கள், பாதியில் கரண்ட் போய் வைஃபை நின்றுவிடுகிறது. பணம் போனதா, போகவில்லையா? மறுபடி அனுப்பினால் இரண்டு தடவை வெட்டுமா? பதில் வராதபோது மற்றப் பக்கம் செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா என்று நிச்சயமாகச் சொல்ல வழியே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் சேர்வர் இரண்டாம் தடவை செய்யாமல் பழைய பதிலையே கொடுக்கும்படி எழுதுகிறார்கள். இரண்டு மெசினின் மணிக்கூட்டை நம்பி எது முதலில் நடந்தது என்று தீர்மானிக்கவும் முடியாது. கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978இல் அதற்கு எழுதிய தீர்வை லெக்சரில் படிப்பீர்கள். ஹொஸ்டலில் கூட்டாளியின் லாப்டொப்பையும் உங்களுடையதையும் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து ஒரு சின்ன செய்தி ப்ரோக்ராம் எழுதி, நடுவில் ஹொட்ஸ்பொட்டை அணைத்துப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் விளங்குவது ஸ்லைடில் விளங்காது.

ஒப்பரேட்டிங் சிஸ்டம் பாடமும் சியில் பொயின்டரும் இன்னும் தடுமாற்றம் என்றால் மட்டும், லீவில் அதை முதலில் சரிபண்ணிக்கொள்ளுங்கள்.

ப்ரொஜெக்ட்டுக்கு எல்லோரும் மேட்ரிக்ஸ் பெருக்கல் எடுப்பார்கள், நீங்கள் எடுக்க வேண்டாம். மாரி மழையில் வாவியோரம் வெள்ளம் பரவுவதைக் கட்டம் கட்டமாகக் கணக்கிடும் ஒரு எளிய மாதிரி செய்யலாம். எம்.பி.ஐ.யில் (தனித்தனியாக ஓடும் ப்ரோசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை) ஒவ்வொரு ப்ரோசஸுக்கும் ஒரு பட்டையைக் கொடுத்து, எல்லை வரிசைகளை மட்டும் பக்கத்தவரோடு பரிமாறினால் போதும். நாலு ப்ரோசஸும் ஒரே லாப்டொப்பில் ஓடும். ஆனால் முதலில் 100க்கு 100 கட்டத்தைப் பிரிக்காமல் ஓட்டிச் சரியான விடையை எடுத்து வையுங்கள், பிரித்தபின் ஒப்பிட அதுதான் வேண்டும். மொத்த நீரின் அளவைக் கூட்டும்போது கூட்டல் வரிசை மாறுவதால் கடைசித் தசமங்கள் கொஞ்சம் வித்தியாசப்படலாம், அது பிழையில்லை. வைவாவில் கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள்.