கேட் ஆஸ்டர்மனின் இரண்டு வேலைகள் – கடிதம்

வணக்கம் சார்,

நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆடுகிறாள், பிட்சர், அதாவது பந்து வீசுபவள். வயலின் வகுப்பைக்கூட விட்டுவிட்டு இதிலேயே கிடக்கிறாள். அமெரிக்க அணிக்கு ஆடிய பிட்சர் கேட் ஆஸ்டர்மன் என்றால் அவளுக்கு உயிர். "அவங்களை மாதிரி காலேஜ்ல ஆடி, ப்ரோ ஆகி, அப்புறம் கோச் ஆவேன்" என்கிறாள். அவள் அப்பாவோ, இந்த ஆட்டத்தில் யார் சம்பாதித்தார்கள் என்று கேட்கிறார். ஆஸ்டர்மன் உண்மையில் எதை வைத்து வாழ்ந்தார்? இன்னொன்று: மகளின் பயிற்சியாளர் எப்போதும் ரேடார் கருவியும் கையுமாக "வேகம், வேகம்" என்கிறார். ஆஸ்டர்மன் அவ்வளவு வேகமாக வீசியவர் இல்லையே என்று இவள் வாதாடுகிறாள். யார் சொல்வது சரி?

ச., ஹூஸ்டன்

அன்புள்ள ச.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் மகள் சொல்வது உண்மை. ஆஸ்டர்மனின் பந்து மணிக்கு 65 மைலை ஒட்டித்தான் போகும். அவரோடு ஒலிம்பிக் ஆடிய மோனிகா அபாட் 2012-ல் 77 மைல் வேகத்தில் வீசியிருக்கிறார். ஆனாலும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக நான்கு பருவங்களில் ஆஸ்டர்மன் எடுத்த ஸ்ட்ரைக் அவுட்கள் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) 2,265. டென்னசிக்கு ஆடிய அபாட் 2007-ல் 2,440 எடுத்து அந்த எண்ணிக்கையைத் தாண்டினார். ஏழு இன்னிங்ஸுக்கு இத்தனை என்று கணக்கிட்டால் ஆஸ்டர்மனுக்கு 14.34 வரும். அந்த விகிதத்தை அபாட் நெருங்கவில்லை. ஒரு முழு ஆட்டத்தில் எடுக்கவேண்டிய 21 அவுட்களில் பதினான்கை அவர் ஒருவரே ஸ்ட்ரைக் அவுட்டாக எடுத்தார் என்று பொருள்.

எப்படி? பிட்சர் நிற்கும் பலகையிலிருந்து, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 43 அடி. பிட்சர் முன்னே பாய்ந்து பந்தை விடும்போது மிஞ்சுவது சுமார் 37 அடி. 65 மைல் வேகப் பந்து அதைக் கடக்க 0.4 விநாடிக்கும் கொஞ்சம் குறைவாகவே எடுக்கும். அதற்குள் புவியீர்ப்பு மட்டுமே பந்தை ஏறத்தாழ இரண்டரை அடி கீழே இழுத்துவிடும். பேட்டரின் கண் அந்த இரண்டரை அடியைப் பழகி வைத்திருக்கிறது. முன்னோக்கிச் சுழலும் டிராப் பந்து அதற்கும் கீழே போகும்போது மட்டை பந்துக்கு மேலே காற்றை வெட்டுகிறது. உயரமான, இடதுகைக்காரரான ஆஸ்டர்மனுக்குச் சோறு போட்டது இந்தப் பந்துதான்.

அதற்காகப் பயிற்சியாளரைத் தள்ளிவிடவும் முடியாது. கை முழு வட்டம் சுற்றி, இடுப்பு சரியான நேரத்தில் மூடி, கால் உறுதியாக ஊன்றினால்தான் சுழற்சியே பிறக்கும். அந்த ஒழுங்கு கைகூடினால் வேகம் தானாக ஏறும். ஆனால் உங்கள் மகளுக்கு இது சிக்கலான வயது. 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 40 அடியாக இருந்த தூரம் 14 வயதுப் பிரிவில் 43 ஆகிறது. அந்த மூன்று அடியைத் தோள் பலத்தால் ஈடுகட்டப் போய்ப் பல பெண்களின் வீச்சு கெட்டுப்போகிறது. ரேடாரில் ஓரிரு மைல் கூடியதாகத் தெரியும், பந்தோ நேர்கோட்டில் போகும். இந்த ஓராண்டுக்காவது ரேடாரை வாரத்தில் ஒருநாள் எடுத்தால் போதும்.

டிராப் பந்தில் இரண்டு வகை உண்டு. அவள் முதலில் பழகவேண்டியது 'பீல்' வகை. விரல்நுனிகள் தையலுக்குக் குறுக்கே பந்தின் பின்புறம், கட்டைவிரல் முன்புறம். விடும்போது கட்டைவிரல் முதலில் விலக, மற்ற விரல்கள் பந்தின் முதுகை மேல்நோக்கி உரித்துக்கொண்டு வரவேண்டும். கால் பாய்ச்சல் வேகப்பந்துக்கு வைப்பதைவிடச் சற்றுக் குறைவு, உடல் எடை முன்காலின் மேல். பாய்ச்சல் நீண்டுவிட்டால் உடம்பு பின்னால் சாயும், கை இடுப்பைத் தாண்டி மேலே போய்ப் பந்தை விடும், பந்து பேட்டரின் இடுப்பு உயரத்தில் மெத்தென்று போய் நிற்கும். டிராப் வீசி ஹோம் ரன் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் செய்கிற பிழை இது.

சோதிப்பதும் எளிது. பழைய பந்து ஒன்றில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வட்டமாக ஒரு சுற்று ஒட்டுங்கள். டேப் பேட்டரை நோக்கிச் செங்குத்தாக நிற்கும்படி பிடித்து வீசச் சொல்லுங்கள். கேட்சருக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது அந்தக் கோடு ஆடாமல் நின்றால் சுழற்சி சரி. தள்ளாடினால் மணிக்கட்டு பக்கவாட்டில் சாய்கிறது.

இன்னொரு வகை, மணிக்கட்டை உருட்டிப் புரட்டி விடுவது. சீக்கிரம் பலன் தெரிவதால் பிள்ளைகள் இதன் பக்கம் சாய்வார்கள். முழங்கை வெளியே பிதுங்கினால் முதலில் நோவது தோளின் முன்பக்கம், பைசெப்ஸ் தசைநாண். கீழிருந்து வீசுவதால் தோளுக்கு ஆபத்தில்லை என்ற பேச்சை நம்பவேண்டாம். கையை முழு வட்டம் சுற்றும் இந்த விண்ட்மில் வீச்சில் கையைத் தோள்மூட்டிலிருந்து வெளியே இழுக்கும் விசை உடல் எடையை நெருங்குகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டு நாளில் 413 பந்து வீசித் தங்கம் வென்றதைப் பெண்கள் எல்லோரும் வியந்து சொல்வார்கள். வியக்கவேண்டியதுதான். ஆனால் வார இறுதிப் போட்டி ஒன்றில் ஒரே பிள்ளையை மூன்று ஆட்டம் வீசவைக்கும் அணியில் உங்கள் மகள் இருந்தால், தயங்காமல் பேசுங்கள்.

இனி சம்பாத்தியம். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீகான என்.பி.எஃப்.பில் 2006-ல் முதல் ஆளாகத் தேர்வானவர் ஆஸ்டர்மன். ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கம், மூன்று முறை ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை என்ற பட்டம் எல்லாம் அந்த ஆண்டுக்குள் கைக்கு வந்திருந்தன. ஆனால் அந்த லீக் நடந்தது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மட்டும். 2016 வாக்கில் ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துத் தரக்கூடிய சம்பளத்தின் உச்சவரம்பே 1,50,000 டாலர். அதே ஆண்டு அபாட்டின் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் பெரும் செய்தியானது. அதில் நிலையான சம்பளம் ஆண்டுக்கு 20,000 வீதம் ஆறு ஆண்டுக்கு. மீதி முழுவதும் ரசிகர் கூட்டத்தைப் பொறுத்த ஊக்கத்தொகை.

ஆகவே ஆஸ்டர்மன் ஆடிக்கொண்டே கல்லூரிகளில் பயிற்சி கொடுத்தார். சிகாகோவின் டீபால், ஆஸ்டினின் செயின்ட் எட்வர்ட்ஸ், பிறகு சான் மார்கோஸில் உள்ள டெக்சாஸ் ஸ்டேட். நாட்காட்டி இதற்கு இடம் கொடுத்தது. இலையுதிர் காலத்தில் கல்லூரிப் பயிற்சி, பிப்ரவரி முதல் மே வரை கல்லூரிப் போட்டிகள், கோடையில் தன் ஆட்டம். ஒரு முடிச்சு மட்டும் அவிழாது. உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பெரிய போட்டிகளும் கோடையில்தான். தலைமைப் பயிற்சியாளர் அந்த நேரத்தில் சொந்த ஆட்டத்துக்குப் போகமுடியாது. ஆடிக்கொண்டே இந்த வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் உதவிப் பயிற்சியாளர்களாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அந்த வேலைக்கு அவரை அழைத்தது பதக்கத்துக்காக மட்டும் இருக்காது. அப்போது கல்லூரி ஆட்டத்தில் எந்தப் பந்தை எங்கே வீசுவது என்பதைப் பெரும்பாலும் பயிற்சியாளர்தான் டக்அவுட்டிலிருந்து (அணி உட்காரும் இடம்) எண்களாகச் சொன்னார். பிட்சரும் கேட்சரும் மணிக்கட்டு அட்டையில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பேட்டரை ஏமாற்ற ஏழு இன்னிங்ஸ் யோசித்துப் பழகிய மூளைக்கு அங்கே மதிப்பு அதிகம். 2015-ல் ஓய்வு பெற்றவர் 2018-ல் திரும்பி வந்ததும், 2021-ல் 38 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் முதல் ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராக ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் கொடுத்து ஒன்பது ஸ்ட்ரைக் அவுட் எடுத்ததும் அந்த மூளையால்தான் என்று நினைக்கிறேன். இறுதிப்போட்டியில் ஜப்பானிடம் 2-0 என்று தோற்று, பெய்ஜிங்கைப் போலவே வெள்ளி. அந்த ஒலிம்பிக்குக்காக 2020-ல் டெக்சாஸ் ஸ்டேட் வேலையை விட்டிருந்தார். 2025-ல் தொடங்கிய ஏ.யூ.எஸ்.எல். என்ற தொழில்முறை சாஃப்ட்பால் லீகில் வோல்ட்ஸ் அணியின் பொது மேலாளர் ஆனார்.

உங்கள் கணவரின் கேள்விக்கு இன்றைய நிலவரம் வேறு. 2024-ல் நைஜாரி கேனடி என்ற பிட்சர் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் கிடைத்தது. இது விதிவிலக்கு, ஆனால் பணம் இப்போது கல்லூரிப் பக்கம் திரும்பியிருக்கிறது. (அந்த அணியை 2025 இறுதிப்போட்டியில் தோற்கடித்து, ஆஸ்டர்மனின் பழைய அணியான டெக்சாஸ் பல்கலைக்கழகம் தன் முதல் தேசியப் பட்டத்தை வென்றது. ஆஸ்டர்மனால் முடியாமல் போன ஒன்று.) முன்பு 12 உதவித்தொகைகளை அணி முழுவதும் பங்குபோட்டார்கள். இப்போது கல்லூரி விளையாட்டின் புதிய பண ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் 25 பேர் வரை எல்லோருக்கும் தரலாம். 2023 வரை சம்பளமில்லாமல் 'தன்னார்வப் பயிற்சியாளர்' என்ற பெயரில் உழைத்த மூன்றாவது உதவியாளருக்கும் இப்போது சம்பளம் கொடுக்க வழியிருக்கிறது. மகள் சொல்லும் மூன்றாவது கட்டத்துக்கு இது நேரடியாக உதவும்.

டிவிஷன் 1 எனப்படும் முதல்நிலைக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் அவள் 11-ஆம் வகுப்பில் இருக்கும் ஆண்டின் செப்டம்பர் 1-க்கு முன்னால் அவளோடு தேர்வு பற்றிப் பேச விதி அனுமதிப்பதில்லை. ஆகவே பயந்து பணத்தைக் கொட்டவேண்டாம். மதிப்பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்சருக்குப் பின்னால் கேமரா வைத்துச் சுழற்சி தெரியும்படி வீடியோ எடுத்துச் சேர்த்துவையுங்கள். அவள் வீசாத ஆட்டங்களில் ஒரு நோட்டைக் கொடுத்து, மற்ற பிட்சரின் ஒவ்வொரு பந்துக்கும் நான்கு விஷயம் எழுதச் சொல்லுங்கள்: என்ன பந்து, எங்கே போனது, அப்போது பால்–ஸ்ட்ரைக் எண்ணிக்கை என்ன, பேட்டர் என்ன செய்தார். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபிறகு எந்தப் பந்து வேலை செய்தது என்பதைத் தனியாக வட்டமிடட்டும்.