விஞ்ஞானியோடு ஒரே மேசையில்

கேள்வி: பிரிட்டனில் விஞ்ஞானிகள் மதுக்கூடங்களிலும் காபிக் கடைகளிலும் பொதுமக்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று படித்தேன். இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது? கையில் கோப்பையோடு பேசினால் அறிவியலின் கண்ணியம் குறையாதா?

பதில்: குறையாது என்பது என் உறுதியான எண்ணம். டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்த செய்தியை 1953 பிப்ரவரி 28 அன்று பிரான்சிஸ் கிரிக் கேம்பிரிட்ஜின் 'ஈகிள்' மதுக்கூடத்தில்தான் உரக்கச் சொன்னார் என்று அவருடைய சக ஆய்வாளர் ஜேம்ஸ் வாட்சன் எழுதியிருக்கிறார். ஆனால் அது ஆய்வாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது. பொதுமக்களையும் அந்த மேசைக்கு அழைத்தவர்களில் முன்னோடி, டங்கன் டல்லாஸ் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர். பாரிசில் மார்க் சோத்தே என்ற தத்துவ ஆசிரியர் 1992 முதல் ஒரு கஃபேயில் நடத்திவந்த தத்துவ உரையாடல்களைப் பற்றி அறிந்த அவர், அறிவியலுக்கும் அப்படியோர் இடம் வேண்டுமென்று 1998-இல் லீட்ஸ் நகரில் 'கஃபே சயின்டிஃபிக்' கூட்டங்களைத் தொடங்கினார்.

விருந்தினராக வரும் விஞ்ஞானி ஏறக்குறைய இருபது நிமிடங்கள் பேசுவார். பெரும்பாலும் திரையோ படக்காட்சியோ இருக்காது. பிறகு கோப்பைகளை நிரப்பிக்கொள்ள ஓர் இடைவேளை. மீதி நேரம் முழுவதும் கேள்விகளுக்கு உரியது. அந்த இடைவேளையே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி என்பேன். இதைக் கேட்டால் சிரிப்பார்களோ என்று தயங்கியவர், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டுப் பார்க்கிறார். அவருக்கும் அதே ஐயம் இருப்பது தெரிந்ததும் கை தானாக உயர்கிறது. மரபணுச் சோதனையின் முடிவை என் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா என்பது போன்ற, சொந்த வாழ்க்கையைத் தொடும் கேள்விகள் விரிவுரை அரங்கில் எளிதில் எழுவதில்லை. படங்களின் துணை இல்லாத விஞ்ஞானியும் கலைச்சொற்களுக்குப் பின்னால் ஒதுங்க முடியாமல், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லும் நிலைக்கு வருகிறார். அந்த ஒப்புதலை நேரில் கேட்டவருக்கு, அறிவியல் எப்படி நகர்கிறது என்பது எந்தப் பாடநூலும் சொல்லாத வகையில் விளங்கிவிடும்.

ஆய்வாளர்கள் மதுக்கூடங்களுக்கு வந்து மக்களோடு பேசும் 'பைன்ட் ஆஃப் சயின்ஸ்' விழா பிறந்த விதமும் இதையே காட்டுகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளர்களான பிரவீன் பால், மைக்கேல் மோட்ஸ்கின் இருவரும் 2012-இல் பார்கின்சன், அல்சைமர் போன்ற நோய்களால் பாதிக்கப்பட்டவர்களை ஆய்வகங்களுக்கு அழைத்துவந்து தங்கள் பணியைக் காட்டினார்கள். மக்கள் ஆய்வகத்துக்கு வர விரும்பும்போது ஆய்வாளர்கள் ஏன் மக்களிடம் போகக்கூடாது என்று எண்ணி, 2013 மே மாதம் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் நகர்களின் மதுக்கூடங்களில் முதல் விழாவை நடத்தினார்கள். இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது நடக்கிறது.

கேள்வி: மது அருந்தாதவர்கள் இவற்றில் கலந்துகொள்ள முடியாதா?

பதில்: தாராளமாகக் கலந்துகொள்ளலாம். கஃபே சயின்டிஃபிக்கில் காபியோடு உட்காருபவருக்கும் அதே இடம்தான். பிரிட்டனில் பள்ளி மாணவர்களுக்கென்றே இத்தகைய கூட்டங்கள் நடந்திருக்கின்றன. குடிப்பது எதுவாயினும், நல்ல நெறியாளர் மட்டும் அவசியம் வேண்டும். உரத்த குரல் கொண்ட ஒருவர் கேள்வி என்ற பெயரில் தனிச் சொற்பொழிவே ஆற்றத் தொடங்கும்போது அவரை மரியாதையாக நிறுத்தி, பின்வரிசையில் நெடுநேரமாகக் கையைத் தூக்கியும் இறக்கியும் கொண்டிருப்பவரிடம் பேச்சைக் கொண்டுசேர்ப்பது நெறியாளரின் பொறுப்பு.