வாசகர் கேள்வி – பதில்: ருவாண்டாவின் காப்பீடும் நம்ம அட்டையும்

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் ருவாண்டாவிலிருந்து வந்து படிக்கிற பையன்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் நாட்டில் சாதாரண காய்ச்சலுக்குக்கூட காப்பீடு உண்டாமே, நிஜமா சார்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தும் என் வீட்டுக்காரரின் சுகர் மாத்திரைக்கு உதவவில்லையே?
– வாசகி, காட்பாடி

பதில்: நிஜம்தான்மா. 1994 இனப்படுகொலையில் சின்னாபின்னமான நாடு அது. 1999-ல் சில மாவட்டங்களில் ஆரம்பித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் சட்டம் போட்டு, ஆளாளுக்கு ஏதாவது ஒரு காப்பீட்டில் சேர்ந்தே ஆகணும் என்று ஆக்கிவிட்டார்கள். கிராமத்து ஜனங்களுக்கு இருப்பது 'மியூச்சுவெல்' திட்டம். குடும்பத்தில் தலைக்கு இவ்வளவு என்று வருஷச் சந்தா, பரம ஏழைகளுக்கு அரசே கட்டிவிடும். சுகாதார நிலையத்துக்குப் போனால் 200 பிராங்க் (அந்த நாட்டுக் காசு), பெரிய ஆஸ்பத்திரி என்றால் பில்லில் 10 சதவீதம், அவ்வளவுதான் கைக்காசு. நம்ம அட்டை பெரும்பாலும் அட்மிட் ஆனால், ஆபரேஷன் என்றால்தான் கை கொடுக்கும். ஆனால் குடும்பத்தைக் கரைப்பது மாசாமாசம் மெடிக்கலில் கொடுக்கிற காசு. காப்பீடு அதையும் தொட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஆனால் ஆப்பிரிக்காவில் எல்லா இடத்திலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். இன்னொரு ஆப்பிரிக்க நாடான கானாவில் 2003-ல் காப்பீட்டுச் சட்டம் வந்தது, பொருள்கள் மேல் 2.5 சதவீத வரி போட்டு அதற்கென்றே பணம் திரட்டுகிறார்கள், 18 வயசுக்கு உள்பட்டவர்களுக்குச் சந்தாவே கிடையாது. இருந்தும் ஆஸ்பத்திரிகளுக்குச் சேர வேண்டிய பாக்கி மாசக்கணக்கில் இழுத்தடிக்கும்போது, அட்டை வைத்திருக்கிறவர்களிடமே அவை காசு கேட்கின்றன. உங்கள் வீட்டுக்காரரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவையுங்கள், சுகர் மாத்திரை இலவசம். 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களா என்றும் கேளுங்கள்.

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஹைவேயில் அடிபட்ட என் தம்பியை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்றார்கள். எந்த நாட்டிலாவது இதற்குத் தடை உண்டா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பிலேயே இருக்கிறது, 27-வது பிரிவு: அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது. நம்ம உச்ச நீதிமன்றமும் 1989-லேயே, அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, விபத்தில் வந்தவரின் உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் கடமை என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. உங்கள் தம்பியிடம் நடந்தது அநியாயம், புகார் எழுதிக் கொடுங்கள். தமிழ்நாட்டுச் சாலையில் விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். உங்கள் பக்கத்தில் எதெது பட்டியலில் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.