குளிரே தெரியாத மட்டக்களப்பிலிருந்து கம்பளித் தொப்பி பின்னி அனுப்பலாமா?

கேள்வி இதுதான்: "நான் மட்டக்களப்பில் இருக்கிறேன். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் உறவுகளுக்குக் கையால் பின்னிய கம்பளித் தொப்பியோ காதை மூடும் தலைப்பட்டியோ பரிசாக அனுப்ப ஆசை. அங்கே கடை கடையாகக் கிடைக்கும் பொருளை இங்கிருந்து பின்னி அனுப்புவதில் பிரயோசனம் இருக்கிறதா? எதிலிருந்து தொடங்குவது?"

பிரயோசனம் இருக்கிறது, தாராளமாக அனுப்புங்கள். நான் மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியில் இருந்துகொண்டு பதினொரு வருடமாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நூல் வாங்கப் போவதற்கு முன்னால் அந்தத் தலையைப் பற்றி விசாரியுங்கள். சுற்றளவு எவ்வளவு, முடி நீளமா, கொண்டை போடுகிறவரா, பஸ்ஸுக்கு நின்று போகிறவரா காரில் போகிறவரா, அந்த வீட்டில் உடுப்புத் துவைப்பது யார், எப்படித் துவைக்கிறார். இதெல்லாம் தெரிந்த பிறகு பின்னிய தொப்பியைத்தான் அவர்கள் போடுவார்கள். தெரியாமல் பின்னியது அலுமாரியில் கிடக்கும். நம் ஊரில் மார்கழி தையில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. குளிர் எங்கே கடிக்கும், எதற்குள்ளால் புகும் என்பது நம் உடம்புக்குத் தெரியாது. அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை நான் ஒரு நீலத் தொப்பியால் படித்தேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவின் மகனுக்கு அப்போது நாலு வயது. அண்ணா ஊருக்கு வந்தபோது நல்ல மெரினோ ஆட்டுக் கம்பளி நூல் கொண்டுவந்து தந்தார். தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. பத்து நாள் இருந்து பின்னினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலையில் போட்டுப் பார்த்து அளவும் சரி செய்தேன். போய்ச் சேர்ந்த கிழமையே படம் வந்தது, அவன் பனிக்குள் நின்று சிரிக்கிறான். அடுத்த மாதம் மச்சாள் வட்ஸ்அப்பில் இன்னொரு படம் அனுப்பினா. அதே தொப்பி அவவின் உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடக்கிறது, பாய்த்துண்டு மாதிரித் தடித்து. சுடுதண்ணியில் மெசினில் மற்ற உடுப்புகளோடு போட்டிருக்கிறா. "மன்னிச்சிருங்க மச்சாள், எனக்குத் தெரியாது" என்று அழாத குறை. பிழை அவவுடையது அல்ல. நான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

ஆட்டு ரோமத்தின் ஒவ்வொரு இழையிலும் மீன் செதில் மாதிரி மிக நுண்ணிய அடுக்குகள் உண்டு. சூடும் ஈரமும் அலசலும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுகிவிடும், பிறகு விரிக்க ஏலாது. அந்தச் செதிலை மழுங்கச் செய்தோ மேலே பூச்சுப் போட்டோ விற்கிற கம்பளி நூலும் இருக்கிறது. அதன் உறையில் சூப்பர்வொஷ் என்று போட்டிருப்பார்கள், மெசினில் போடலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இப்போது அந்த நூல் அல்லது அக்ரிலிக் என்ற செயற்கை நூல் மட்டும்தான். தொப்பிக்குள் ஒரு சின்னக் கடதாசித் துண்டும் வைப்பேன்: என்ன நூல், எந்தத் தண்ணியில் அலசுவது, பிழியாமல் துவாயில் சுருட்டி அமத்தி, மட்டமாகப் பரப்பிக் காயவிடுங்கள் என்று. நாலு வரிதான்.

நூல் விஷயத்தில் இன்னும் கொஞ்சம். நம் பக்கத்துத் தையல் சாமான் கடைகளில் 'வூல்' என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். அது கெட்ட நூல் இல்லை. மலிவு, நிறம் போகாது, பூச்சி தின்னாது, கம்பளி தோலில் அரிக்கிறவர்களுக்கும் ஒத்துப்போகும். ஒரே ஒரு எச்சரிக்கை: அதன்மேல் சூடான அயன் பெட்டியை வைக்காதீர்கள். அது பிளாஸ்ரிக் வகை இழை. சூடு பட்டால் இழுபடும் தன்மை செத்து, துணி தொய்ந்து போகும். உண்மையான கம்பளியின் பெருமை ஈரத்தில்தான் தெரியும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரித் தெரியாது. பருத்தி நூல் நேர்மாறு, நனைந்தால் தண்ணியைப் பிடித்து வைத்துக்கொண்டு தலையைக் குளிரப் பண்ணும். பனி ஊருக்குப் பருத்தித் தொப்பி வேண்டாம். பருத்திக்கு வேறு இடம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சரி, அளவு. புருவத்துக்கு மேலாலும் காதுக்கு மேலாலும் ஒரு நூலைச் சுற்றி, அந்த நூலை அடிமட்டத்தில் வைத்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். பரிசு தெரியக்கூடாது என்றால் கணவனிடமோ மனைவியிடமோ இரகசியமாகக் கேளுங்கள். பெரிய பெண்களுக்குச் சாதாரணமாக 54 முதல் 57 சென்ரிமீற்றர் வரும், ஆண்களுக்கு ஒன்றிரண்டு கூட. ஒரு வயதுப் பிள்ளைக்கு 46 பக்கம். பின்னுகிற தொப்பி தலையைவிட நாலைந்து சென்ரிமீற்றர் சிறிதாக இருக்க வேண்டும். பின்னல் இழுபடும், இழுபட்டுத்தான் தலையைப் பிடிக்கும். தலையளவுக்கே பின்னினால் இரண்டாம் நாள் கண்ணை மறைக்கும்.

அடுத்தது மாதிரித் துண்டு. பொறுமை இல்லாதவர்கள் இதைத்தான் விட்டுவிடுவார்கள். எந்த நூல், எந்த ஊசி என்று முடிவான பிறகு ஒரு கைக்குட்டைக் கால்வாசி அளவுக்குப் பின்னி, அதை நனைத்துக் காயவைத்து, 10 சென்ரிமீற்றருக்குள் எத்தனை கண்ணி, அதாவது எத்தனை நூல் வளையம், என்று எண்ணுங்கள். என் கைக்கு நடுத்தரத் தடிப்பு நூலும் நாலரை மில்லிமீற்றர் ஊசியுமாக 19 கண்ணி வரும். உங்கள் கை இறுக்கமானால் 21 வரலாம். 56 தலைக்கு 51 சென்ரிமீற்றர் தொப்பி, 10 சென்ரிமீற்றருக்கு 19 என்றால் 5.1 தர 19, கிட்டத்தட்ட 97. நான் வட்ட ஊசியில் (இரண்டு முனையும் ஒரு வடத்தால் இணைந்த ஊசி, சுற்றிச் சுற்றிப் பின்னலாம்) 96 கண்ணி போடுவேன், அது நாலாலும் எட்டாலும் பிரியும். நாலால் பிரிந்தால் விளிம்பை இரண்டு நேர்க்கண்ணி (knit), இரண்டு மறுகண்ணி (purl) என்று பின்னலாம், ரப்பர் மாதிரிப் பிடிக்கும். எட்டால் பிரிந்தால் உச்சியைக் குறைப்பது சுகம்.

விளிம்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் ஏறியதும் உச்சி தொடங்கும். விளிம்பை மடித்துப் போடுவதென்றால் மடிப்புக்கு இன்னும் ஐந்து கூட்டுங்கள். 96 கண்ணியை எட்டுப் பங்காக்கினால் பங்குக்கு 12. ஒவ்வொரு பங்கின் கடைசி இரண்டு கண்ணியையும் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் ஒரு சுற்றில் எட்டுக் குறையும். 48 கண்ணி வரும்வரை ஒரு சுற்றுக் குறைத்து ஒரு சுற்றுச் சும்மா பின்னுங்கள், அப்புறம் எல்லாச் சுற்றிலும் குறையுங்கள். எட்டுக் கண்ணி மிஞ்சும்போது நூலை அறுத்து, அந்த எட்டுக்குள்ளாலும் கோத்து இழுத்து, உள்ளே முடிச்சுப் போட்டால் முடிந்தது. மேலே பார்த்தால் எட்டு இதழ்ப் பூ மாதிரித் தெரியும். அந்த இடம் வரும்போது எனக்கு இன்றைக்கும் சந்தோசமாக இருக்கும். பெரியவர் தொப்பி ஒன்றுக்கு 100 கிராம் நூல் தாராளம்.

ஆனால் நீங்கள் புதிது என்றால் தொப்பியில் தொடங்காதீர்கள். தலைப்பட்டியில் தொடங்குங்கள். வட்ட ஊசி வேண்டாம், கண்ணி குறைப்பது வேண்டாம். இரண்டு நேர் ஊசியில் பத்துச் சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கண்ணி போட்டு, எல்லா வரியும் நேர்க்கண்ணியாகவே போய், 48 சென்ரிமீற்றர் நீளம் வந்ததும் முடித்துத் தைத்தால் பட்டி. அகலம் முக்கியம், காது முழுதாக மூட வேண்டும். முன்னால் ஒரு முறுக்கு வேண்டுமென்றால், இரண்டு முனையையும் தனித்தனியே நீளப்பாட்டில் பாதியாக மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் மற்றதன் பாதியைச் செருகி, நாலு மடிப்பையும் ஒன்றாகத் தைத்துப் புரட்டுங்கள். நெற்றியில் அழகான முடிச்சு விழும். இரண்டு மூன்று பின்னேரத்து வேலை.

நீள முடி உள்ளவர்களுக்குத் தொப்பியைவிடப் பட்டிதான் உதவும் என்பதை நோர்வேயில் பேர்கன் நகரில் இருக்கும் அக்காவின் மகள்தான் சொல்லித் தந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள், முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுவாள். "சின்னம்மா, தொப்பி போட்டால் கொண்டை குலையுது, போடாவிட்டால் காது விறைக்குது" என்றாள். பேர்கன் மழைக்குப் பேர்போன ஊர், அதனால் அக்ரிலிக் வேண்டாம் என்று கம்பளியிலேயே பின்னினேன். இப்போது அவளோடு வேலை செய்கிற பிள்ளைகளும் கேட்கிறார்களாம்.

காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ராத்தா ஒருவரின் மகள் லண்டனில் படிக்கிறா. ஹிஜாப் கட்டுகிற பிள்ளை, அந்தத் தலைச் சீலைக்கு மேலால் போடுகிற மாதிரிப் பட்டி வேண்டும் என்று ராத்தா கேட்டா. முதல் பட்டி வழுக்கி வழுக்கிப் பின்னால் போனது, ஏனென்றால் அந்தச் சீலை மினுமினுப்பான துணி. இரண்டாவதை ஒரு சென்ரிமீற்றர் இறுக்கமாக, காதுப் பக்கம் அகலம் கூட்டி, பின்கழுத்துப் பக்கம் ஒடுக்கிப் பின்னினேன். அது நின்றது. அளவெடுக்கும்போது சீலையைக் கட்டிக்கொண்டு அளக்கச் சொல்ல வேண்டும் என்பதையும் அப்போதுதான் யோசித்தேன்.

இனி நம் ஊரில் இருந்து பின்னுவதன் கஷ்டங்கள். அங்கே பனிக்காலம் தொடங்க முன்னால் போய்ச் சேர வேண்டுமென்றால் ஆவணிக்குள் வேலை தொடங்க வேண்டும், அது சரியாகச் சுடுகிற கச்சான் காற்று அடிக்கிற காலம். மத்தியானத்தில் மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. நான் விடியப்புறம் ஐந்து மணிக்குத் தேத்தண்ணியோடு விறாந்தையில் இருந்து பின்னுவேன், ஏழு மணியோடு மூடிவைத்துவிடுவேன். கை வியர்த்தால் நூல் உலோக ஊசியில் ஒட்டும், இரும்பு ஊசி கடற்காற்றுக்குத் துருப்பிடித்து நூலிலும் கறை ஏற்றும். மூங்கில் ஊசி நல்லது. கையில் பழைய பருத்தித் துணி ஒன்று இருக்கட்டும்.

நூலை மூடி உள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள். பூச்சி உருண்டை வேண்டவே வேண்டாம், அந்த மணம் கம்பளியை விட்டுப் போகாது. மணம் என்றதும் இன்னொன்று: போகிறவர்களிடம் கொடுத்துவிடும்போது கறித்தூளும் கருவாடும் போகிற பெட்டியில் இதை வைக்க விடாதீர்கள். அப்படி வைத்தால் இரண்டு பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுங்கள். தபாலில் போட்டாலும் ஒரு தலைப்பட்டி 50 கிராம் அளவுதான், பாரமில்லாத பரிசு.

பின்னியதைப் போட்டுப் பார்க்க இடம் வேண்டுமென்றால் நுவரெலியாதான். செங்கலடியில் திரும்பி மகாஓயா, பிபிலை, பதுளை என்று ஏறினால் ஒரு பகலில் போய்விடலாம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், தை மாசி விடியற்காலையில் புல்லில் உறைபனிகூட விழும். ஒருமுறை கோயில் பயணத்தோடு அங்கே தங்கியபோது, நான் பின்னிய தொப்பியோடு விடிய ஐந்தரைக்கு வாவிப் பக்கம் நடந்தேன். அப்போதுதான் ஓட்டை ஓட்டையாக விழும் அழகுப் பின்னலுக்குள்ளால் காற்று எப்படிப் புகுகிறது என்று என் காது அறிந்தது. அன்றோடு குளிர்த் தொப்பிக்கு ஓட்டைப் பின்னல் போடுவதை விட்டேன். மடிப்பு விளிம்பு இல்லாத தொப்பியும் பின்னுவதில்லை, காதின்மேல் இரண்டு மடிப்பு விழுந்தால் வித்தியாசம் தெரிகிறது.

ஊருக்குள் கொடுக்கவும் ஆட்கள் உண்டு. மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் கோயிலுக்குப் போகிற வயதானவர்களுக்கு வாடைக்காற்று காதில் ஏறாமல் மெல்லிய தொப்பி ஒன்று போதும். பிறந்த பிள்ளைக்குக் கொடுப்பதானால் குஞ்சம், பொத்தான், நாடா எதுவும் வைக்காதீர்கள். வீட்டுக்குள் நித்திரை கொள்ளும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் தாயிடம் சொல்லிக் கொடுங்கள், பிள்ளைக்குச் சூடு மிஞ்சக்கூடாது.

பருத்திக்கு இடம் இருக்கிறது என்றேனே, அது புற்றுநோய் மருந்து ஏற்றி முடி கொட்டினவர்களுக்கு. என் சிநேகிதி ஒருத்திக்கு அப்படி வந்தபோது, கம்பளி அவளுடைய தலைத்தோலில் பட்டாலே நொந்தது, நம் வெயிலுக்கு வியர்க்கவும் செய்தது. மெல்லிய பருத்தி நூலில், உள்ளே தையல் மேடு வராமல் வட்டமாக மூன்று பின்னிக் கொடுத்தேன். முடி இல்லாத தலைக்கு அளவு குறையும், ஆகவே புதிதாக அளக்க வேண்டும். அவள் மூன்றையும் மாறி மாறித் துவைத்துப் போட்டாள், முடி வளர்ந்த பிறகும் ஒன்றைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

உங்களுக்கு என் யோசனை: முதலில் அக்ரிலிக்கில் ஒரு பட்டி, அது உங்களுக்கே. இரண்டாவது பட்டி அனுப்புவதற்கு. மூன்றாவதாகத் தொப்பி. யாருக்கு, தலை எத்தனை சென்ரிமீற்றர், உங்கள் மாதிரித் துண்டில் 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணி என்ற மூன்றையும் இதற்குக் கீழே எழுதுங்கள். எத்தனை கண்ணி போடுவது, எங்கே குறைப்பது என்று கணக்குப் பார்த்துத் தருகிறேன்.