எட்டாவதோட டிசி வாங்கிட்டு போன பையன்

கேள்வி: தர்மபுரி பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல ரொம்ப வருஷம் சயின்ஸ் எடுத்தேன். இப்போ வேலைய விட்டுட்டு 'கல்வியில் சமத்துவம்'னு பிஎச்டி சேர்ந்திருக்கேன். ஆர்டிஇ-ல, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல சேர்ந்து நல்லா படிச்ச ஒரு பையன் எட்டாவதோட டிசி வாங்கிட்டு போனான், அவன மறக்க முடியாமதான் இதுக்கே வந்தேன். தலைப்பு ரொம்ப பெருசு, சுருக்குங்கன்னு கைடு சொல்றாரு. வீட்ல, "பசங்களுக்கு சொல்லித்தர்றத விட்டுட்டு இது எதுக்கு"ன்னு கேக்கறாங்க.

பதில்: டீச்சர், உங்க கைடு சொல்றது சரி. தலைப்பும் உங்க லெட்டர்லயே இருக்கு, அந்தப் பையன்தான்.

ஆர்டிஇ சட்டம் 2010 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு, பிரைவேட் ஸ்கூல்ல வசதியில்லாத வீட்டுப் பசங்களுக்கு 25 சதவீத சீட்டு, நம்ம ஊர்ல எல்கேஜி-லயே சேத்துக்கறாங்க, ஃபீஸ கவர்மென்ட் கட்டுது, ஆனா எல்லாம் எட்டாவது வரைக்கும்தான், ஒன்பதாவதுல முழு ஃபீஸும் அப்பா தலையில விழுது. வருஷ வருமானம் 2 லட்சத்துக்குள்ளன்னு சர்டிஃபிகேட் வாங்கி சேத்த வீடு அது, எங்க போவாங்க? டிசி-ல மட்டும் 'பெற்றோர் விருப்பம்'னு எழுதி கையெழுத்து வாங்கிடறாங்க. வருஷா வருஷம் எத்தனை பேர் சேந்தாங்கன்னு நியூஸ் வருது, வெளிய போனவங்கள பத்தி யார் பேசறாங்க?

ஆனா ஒண்ணு. காசு இல்லாமதான் போனான்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. மெடிக்கல் சீட்ல கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கு 7.5 சதவீதம்னு 2020-ல சட்டம் வந்துச்சு இல்ல, அதுல எட்டாவது வரைக்கும் ஆர்டிஇ-ல படிச்சிட்டு ஒன்பதுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்களும் வருவாங்க. அத கணக்கு போட்டே மாத்தின அப்பா அம்மாவும் இருக்கலாம். யாரு முடியாம போனாங்க, யாரு யோசிச்சு போனாங்க, யாரு கடன் வாங்கி அங்கயே இருந்தாங்க, இந்த மூணையும் ஒரே ஒரு ஒன்றியத்துல பாத்தாலே ஒரு தீசிஸுக்கு தாராளம்.

ஆரம்பிக்கறப்போ தயவுசெஞ்சு உங்க பழைய ஸ்கூல்ல ஆரம்பிக்காதீங்க. உங்களப் பாத்தா அந்தப் பசங்க எழுந்து நின்னு எல்லாத்துக்கும் "ஆமா மிஸ்"னுதான் சொல்லுவாங்க, உங்களுக்கு எந்த பதில் புடிக்கும்னு அவங்களுக்கு நல்லா தெரியும். வேற ஸ்கூல் எடுங்க, முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல அனுமதி லெட்டர் வாங்கிட்டு போங்க, அப்பா வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு வீட்டுக்கே போய் பேசுங்க. எதுக்காக கேக்கறோம், எழுதறப்போ பேர் வராதுன்னு தமிழ்ல சொல்லி சம்மதக் கையெழுத்து வாங்குங்க. ஃபீஸ் மட்டும் கேட்டா பாதி கதைதான் வரும், வேன், புக்ஸ், யூனிஃபார்ம், ஆண்டு விழா டிரெஸ் எல்லாம் கேளுங்க.

வீட்ல கேக்கறவங்களுக்கு கோபமில்லாம சொல்லுங்க, க்ளாஸுக்குள்ள இருந்தவரைக்கும் வந்த பசங்களுக்குதான் சொல்லித்தர முடிஞ்சுது, இப்போ தேடறது க்ளாஸவிட்டு போனவங்கள. யுஜிசி 2022 விதிப்படி பிஎச்டிக்கு 3 வருஷத்துலேர்ந்து 6 வருஷம் வரைக்கும் டைம், பெண்களுக்கு மேல 2 வருஷம் சலுகை உண்டு. அதனால அவசரப்பட்டு பெரிய சர்வே எதுவும் ஆரம்பிக்காம, முதல்ல ஒரு பத்து வீட்டுக்கு போய் பேசிட்டு, அந்த நோட்ஸோட கைடு முன்னாடி உக்காருங்க.